வாயில்லாச் சீவனும் வாய்மொழிக் கதையும்

நாட்டார் வழக்குகளைப் பற்றி நம்மிடையே நடைபெறும் ஆராய்ச்சிகளை நோக்குமிடத்து, இருவகைப் போக்குகள் ஓங்கி நிற்பதைக் காணலாம். ஒரு சாரார், மக்கள் வாயில் வழங்கும் கதை எதுவாயினும் மூடநம்பிக்கை என்று அதனைத் தள்ளிவிடுவர். மற்றொரு சாரார், மக்கள் கதை என்ற ஒரே காரணத்தால் அதனைத் தலைமேல் வைத்துப் போற்றுவர். கதையைச் சொன்னவர் யார், அது யார்மீது பழி சுமத்துகிறது, அப்பழியினால் நன்மை அடைந்தவர் யார் என்ற வினாக்களை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை. இவ்வினாக்கள் எழாதவரை நாட்டார் இலக்கிய ஆராய்ச்சி பட்டியல் தொகுக்கும் வேலையாகவே முடியும். இதனை விளக்குவதற்கு இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அது நமது நாட்டின் காடுகளிலே வாழும் சாதுவான 'டிராகன்' ஒன்றின் கதை.

டிராகன் என்னும் பிராணி உலக இலக்கியங்களிலே பல வடிவங்களில் உலவி வந்திருக்கிறது. ஐரோப்பியக் கதைகளில் அது தீயைக் கக்கும். புதையலைக் காத்துக் கிடக்கும். வீரன் ஒருவனின் வாளுக்கு இரையாகும். சீனத்திலோ அது மழை தரும் தெய்வம், பேரரசரின் சின்னம். தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் அதற்கு 'வலுசர்ப்பம்' என்று பெயரிட்டனர். நமது கோயில் தூண்களில் யாளியும், இலங்கையின் பௌத்த விகாரைத் தோரணங்களில் மகரமும் ஏறக்குறைய அதே இடத்தை வகிக்கின்றன. இவையெல்லாம் கல்லிலும் மையிலும் வாழ்பவை. எலும்பும் தசையுமாக வாழும் பிராணிகளுக்கும் இப்பெயர் கிடைத்ததுண்டு. இந்தோனேசியத் தீவுகளில் வாழும் பெரும் உடும்பு 1912 ஆம் ஆண்டு விஞ்ஞான உலகிற்கு அறிமுகமானது. மேனாட்டார் அதனைக் 'கொமோடோ டிராகன்' என்று அழைத்தனர். அதன் நெருங்கிய உறவினர் இருவர் இலங்கையில் வாழ்கின்றனர். ஒன்று, நாம் உடும்பு என்றும் சிங்கள மக்கள் தலகொயா என்றும் அழைப்பது. மற்றது, நீர்நிலைகளை அடுத்து வாழும் கபரகொயா.

கபரகொயாவின் தோற்றம் அச்சந் தருவதே. ஆறடிக்கு மேல் வளரக்கூடிய உடல், கருமையில் மஞ்சட் புள்ளிகள், பிளவுபட்ட நாக்கு, சவுக்கை ஒத்த வால் ஆகியவற்றைக் காணும் எவரும் முதலில் ஒதுங்கி நிற்பர். ஆயின் அதன் வாழ்க்கையை அறிந்தவர்கள் அது மனிதரை நாடிவந்து தாக்கும் இயல்புடையதன்று என்பதை அறிவர். நண்டு, மீன், தவளை, எலி, முட்டை, செத்த பிராணிகளின் உடல் ஆகியவையே அதன் உணவு. ஆற்றோரத்தில் அழுகிக் கிடப்பதை அகற்றித் துப்புரவு செய்யும் பணியைக் கூலி கேளாது செய்துவரும் சீவன் அது. வழியை மறித்து மடக்கினாலன்றி அது வாலை வீசுவதில்லை.

இச்சீவனைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ் எழுதிய நூலில் உள்ளது. 1660 ஆம் ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்ட நொக்ஸ், 1679 இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தின் கிராமங்களிலே வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடனாகக் கொடுத்தும் காலம் தள்ளினார். 1681 இல் இலண்டனில் வெளியான அவரது நூல் கபரகொயாவை இரண்டொரு பத்திகளில் வருணிக்கிறது. நாக்கை நீட்டிச் சீறும், வாயைப் பிளக்கும், ஆனால் கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை, அறியாதவர்களையே அதன் தோற்றம் வெருட்டும் என்பது அவர் கூறும் செய்தி. செத்த பிராணியைத் தின்ன நாயும் நரியும் கூடும் இடத்திற்கு அதுவும் வரும் என்றும், குரைத்துக்கொண்டு நெருங்கும் நாயை வாலால் ஒரு வீச்சு வீசி ஓட்டும் என்றும் அவர் எழுதுகிறார். உடும்பிறைச்சியைப் பற்றியோ, வயிற்றுக்கு அதனைவிட ஒத்துப்போகும் இறைச்சி வேறில்லை என்ற கிராம மக்களின் கருத்தைப் பதிவு செய்கிறார்.

இந்த வருணனையிலே பேயும் இல்லை, பில்லியும் இல்லை. ஊரின் மற்றோர் உயிராகவே அப்பிராணி காட்சி தருகிறது. இதற்குக் காரணம் நொக்ஸ் சிறந்த விஞ்ஞானி என்பதன்று. குடியானவர்களோடு குடியானவராக, அவர்கள் தின்றதைத் தின்று அவர் வாழ நேர்ந்தமையே காரணம். காட்டோடும் ஆற்றோடும் உழைப்பால் உறவு கொண்டவன் அங்குள்ள உயிர்களைப் பூதங்களாகக் காண்பதில்லை.

நமது பழந்தமிழ்ப் பாடல்களும் இதற்குச் சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியிருப்பை அடையும் பாணனுக்கு நாய் பிடித்துவந்த உடும்பின் இறைச்சி சோற்றுடன் விருந்தாகப் படைக்கப்படுகிறது. புறநானூற்றிலும் உடும்பு இவ்வாறே வறிய வேட்டுவரின் உணவாக இடம்பெறுகிறது. அங்கே அது வீரன் வெல்லவேண்டிய அரக்கப் பிராணியன்று. முற்றத்துப் பிள்ளைகளின் பசி தீர்க்கும் பண்டம். உயிருக்கு அது நன்மையாக முடியவில்லை என்பது உண்மை. ஆயினும் பொய்ப்பழி எதுவும் அதன்மீது சுமத்தப்படவில்லை.

பழி எங்கே தொடங்குகிறது? நொக்ஸின் நூலுக்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின், 1861 இல், சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் அவர். குருணாகல் பகுதியில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரி ஒருவர் தமக்கு அனுப்பிய செய்முறைக் குறிப்பு ஒன்றை அந்நூலில் அவர் தருகிறார். 'கபரதெல்', அதாவது கபர எண்ணெய் என்னும் கொடிய நஞ்சினைத் தயாரிக்கும் முறை அது. நாகம் முதலிய நச்சுப் பாம்புகளின் தலையைக் கீறி, அவற்றைத் தொங்கவிட்டு, வடியும் நஞ்சைக் கலத்தில் சேர்க்கவேண்டும். அதனுடன் பாஷாணத்தையும் வேறு மருந்துகளையும் கலந்து மனித மண்டையோட்டில் வைத்துக் காய்ச்சவேண்டும். அடுப்பின் மூன்று பக்கங்களிலும் மூன்று கபரகொயாக்களை நெருப்பை நோக்கிக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கவேண்டும். வேதனை தாளாது அவை சீறும் மூச்சு நெருப்பை ஊதிவிடும். அவற்றின் வாயிலிருந்து வழியும் நுரையையும் கலத்தில் சேர்க்கவேண்டும். மேலே எண்ணெய் படர்ந்ததும் நஞ்சு தயார்.

ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்துச் சூனியக்காரிகளின் கொப்பரையை இது மிஞ்சிவிடுகிறது என்று டெனன்ட் வியக்கிறார். அந்த வியப்பிலிருந்து திறனாய்வாளன் தொடங்கவேண்டும். அக்கலவையில் மனிதனைக் கொல்லக்கூடிய பொருள் எது? அதில் இட்ட பாஷாணம். கொல்லும் எண்ணம் யாருடையது? அதனைக் காய்ச்சுகிறவனுடையது. அடிபட்டு, வெந்து, நுரைதள்ளிச் சீறும் பிராணி அங்கே செய்தது யாது? ஒன்றுமில்லை. ஆயினும் அந்த நஞ்சுக்குச் சூட்டப்பட்ட பெயர் பாஷாணத்தின் பெயரன்று, காய்ச்சியவனின் பெயருமன்று. வதைபட்ட சீவனின் பெயரே நஞ்சின் பெயராயிற்று. சித்திரவதை செய்தவன் கதையிலிருந்து மறைந்துவிட, சித்திரவதைக்கு உள்ளானதே குற்றவாளியாக நிற்கிறது.

இக்கதை டெனன்ட் புனைந்ததன்று, கண்டிப் பகுதி மக்களிடையே வழங்கியதே என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. மக்கள் வழக்கு என்பதனாலேயே ஒரு கதை முற்போக்கானதாகிவிடாது. கொலைகாரனின் பெயரைச் சொல்ல அஞ்சிய ஒரு சமுதாயம், பெயர் சொன்னால் திருப்பிக் கேட்க முடியாத ஒன்றின்மீது பழியை இறக்கி வைத்ததை இக்கதையில் நாம் காணலாம். உடும்பின் நாக்கைப் பற்றிய சிங்கள மக்களின் நம்பிக்கையும் எண்ணத்தக்கது. உடும்பின் நாக்கைக் குழந்தைக்கு விழுங்கக் கொடுத்தால் பிற்காலத்தில் அது நாவன்மை மிக்கதாக வளரும் என்பர். தனக்குப் பேச்சு வேண்டும் என்று மனிதன், பேசாத ஒன்றின் நாக்கை அறுக்கிறான். சபையில் பேச்சுரிமை சிலருக்கே உரியதாக இருந்த சமுதாயத்தில், நாவன்மை இவ்வளவு அரிய பொருளாக மதிக்கப்பட்டதில் வியப்பில்லை.

இனி, இக்கதைகள் வழங்கும் மண்ணுக்கு வருவோம். ஊவா மாகாணத்தில் பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தது வெலிமடை. நுவரெலியாவிலிருந்து ஹக்கலையைக் கடந்து கீழிறங்கும் வீதி கெப்பெட்டிபொலை வழியாக அவ்வூரை அடைகிறது. வயலும் மரக்கறித் தோட்டமும் நிறைந்த சிங்களக் கிராமங்களும், தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் வரிசையிட்ட தேயிலைத் தோட்டங்களும் அங்கே அருகருகே உள்ளன. உமா ஓயா மகாவலியை நோக்கி அப்பள்ளத்தாக்கில் ஓடுகிறது. இவ்வட்டாரம் முழுவதும் இராமாயணக் கதையின் போர்வையில் கிடக்கிறது. சீதா எலியவில் சீதையம்மன் கோயில். ஸ்திரீபுரக் குகை இராவணன் சீதையை ஒளித்துவைத்த இடம் என்பர். திவுரும்பொலை அவள் தீக்குளித்துச் சத்தியம் செய்த இடம் என்பர். ஹக்கலைப் பாறை அனுமன் தாடையில் கவ்விக்கொண்டு வந்த மலைத்துண்டு என்பதும் ஊர்க்கதை. இந்த நூற்றாண்டில் சுற்றுலாத்துறை இக்கதைகளைக் கோத்து 'இராமாயண வழித்தடம்' என்று விற்பனை செய்கிறது.

அவ்வழித்தடத்தில் செல்லும் யாத்திரிகருக்குச் சொல்லப்படாத வரலாறும் அம்மண்ணில் உண்டு. 1817-18 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிராக ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியை அடக்கிய படைகள் வீடுகளையும் வயல்களையும் அழித்தன; தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அடுத்து வந்தது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம். உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காடும் சேனை நிலமும் முடிக்குரியவையெனக் கொள்ளப்பட்டுத் துரைமாருக்கு விலைப்பட்டன. முதலில் கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. இரண்டிற்குமாக மலைக்காடுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. கோடரி பிடித்த கைகளில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைத் தமிழரின் கைகளும் இருந்தன. கோடரியைப் பிடிக்கும்படி பணித்தவர்களும் இலாபத்தைக் கொண்டு சென்றவர்களும் வேறு.

அத்தமிழரை அழைத்துவந்ததும் ஒரு கதையே. கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினாற் செல்வம் கிடைக்கும் என்ற கதையை ஆள்கட்டும் கங்காணிமார் ஊரூராகப் பரப்பினர். புதையற் கதைகளிலெல்லாம் காவலுக்கு ஒரு பூதம் இருக்கும். இந்தப் புதையற் கதையில் மட்டும் பூதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வந்துசேர்ந்த பின்னரே பற்றுவழியும் துண்டும் அவனைப் பிடித்தன. 'உடும்பு வேண்டாம், கையை விட்டாற் போதும்' என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழமொழி. கடனைத் தீர்த்தாலன்றித் தோட்டத்தை விட்டு நகரவிடாத துண்டுமுறையின் பிடியில் அப்பழமொழியின் பொருளை அவன் உடலால் உணர்ந்திருப்பான். அம்முறை ஒழிக்கப்பட்டது 1921 இல்தான்.

இத்தகைய வாழ்வில் அம்மக்கள் கட்டிய வழக்காறுகளை நோக்குக. மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் அவர்களுடன் கடல் கடந்து வந்த தெய்வங்கள். ஆனால் தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்களும் உண்டு. கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச்சாமி. கொழுந்து எடுக்கும் மலையில் கொழுந்துச்சாமி. தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் ரோதையில் ரோதமுனி. இங்கே ஓர் உண்மை பளிச்சிடுகிறது. அடர்ந்த காட்டின் ஓரத்தில் வாழ்ந்த இம்மக்கள் புதிதாகப் படைத்த முனியைக் காட்டுப் பிராணியின் உடலில் ஏற்றவில்லை. வெட்டுக் கத்தியிலும் இயந்திரச் சக்கரத்திலும் ஏற்றினார்கள். தங்கள் கையைப் பறிக்கக்கூடியது எது, தங்கள் நாளை விழுங்குவது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கபரதெல் கதை குற்றவாளியை மறைத்தது. ரோதமுனி வழிபாடு ஆபத்து இருக்கும் இடத்தைச் சரியாகச் சுட்டியது.

சுட்டியதோடு அது நின்றுவிட்டது என்பதையும் கூறவேண்டும். ரோதைக்குப் படையலிட்டு அமைதிப்படுத்த முயன்றதே வழிபாடு. ரோதை யாருடையது என்று அது கேட்கவில்லை. அக்கேள்வி பின்னர் வேறொரு மொழியில் எழுந்தது. 1940 மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தாமே தேர்ந்தெடுத்த குழுவின் மூலம் நிருவாகத்துடன் பேசும் உரிமையை வற்புறுத்தினர். முனிக்குப் படையலிட்ட தலைமுறையின் பிள்ளைகளே அவர்கள். நாட்டார் வழக்கிலிருந்து வர்க்க உணர்வுக்குச் செல்லும் பாதை நேர்கோடன்று; ஆயினும் பாதை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கபரகொயாவின்மீது சுமத்தப்பட்டதை ஒத்த பழி இம்மக்கள்மீதும் சுமத்தப்பட்டது என்பதே நாம் இங்கு முக்கியமாகக் கவனிக்கவேண்டியது. கிராமத்துக் காணியைப் பறித்தது 1840 ஆம் ஆண்டின் சட்டம். ஆனால் பின்வந்த அரசியல் மேடைகளில், காணியைக் கவர்ந்த அந்நியன் என்று பேசப்பட்டவன் லயத்தில் பத்தடி அறையில் வாழ்ந்த தொழிலாளி. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை அளிப்பதென்றும் கணக்குப் போட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. காய்ச்சியவன் மறைய, வெந்தவன் குற்றவாளியான பழைய கதை இங்கே அரசியலாக நடந்தேறியது. பதுளை மண்ணின் பிள்ளையான தெளிவத்தை ஜோசப் போன்ற எழுத்தாளர்கள் 1960களிலிருந்து எழுதிய கதைகளின் பெறுமதி, மறைந்தவனைத் திரும்பக் கூண்டிலே நிறுத்தியதில் அடங்கியிருக்கிறது.

வெலிமடைக்கு மேலே ஹக்கலைக் காட்டில் வாழும் மற்றொரு சீவனையும் இங்கே குறிப்பிடவேண்டும். மூக்கின் நுனியில் வெண்ணிறக் கொம்பு தாங்கிய ஓணான் அது. விஞ்ஞான உலகம் 1834 இல் அதற்குப் பெயரிட்டது. இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பாசி படர்ந்த மரங்களில் மெல்ல ஊர்ந்து, பூச்சி புழுக்களைத் தின்று வாழும் இதனை 'டிராகன்' என்றால், டிராகன்களில் இதனைவிடச் சாதுவானது இராது. அதன் அயலிலேயே குட்டி ஈனும் குள்ள ஓணானும் வாழ்கிறது. இப்பிராணிகளைப் பற்றி இராமாயண வழித்தடத்தில் கதை ஏதும் சொல்லப்படுவதில்லை. ஆனால் கதை இல்லாவிடினும் விலை உண்டு. வெளிநாட்டுச் செல்வந்தர் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து மகிழ இவை கடத்திச் செல்லப்பட்டன. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய காட்டுயிர் வணிகம் பற்றிய சர்வதேச மாநாடு, இலங்கையின் கோரிக்கையை ஏற்று இவற்றைத் தனது பாதுகாப்புப் பட்டியல்களில் சேர்த்தது. காட்டை முதலில் கோப்பிக்கு விற்ற அதே சந்தை, எஞ்சிய காட்டின் உயிரையும் விற்பனைப் பண்டமாகவே கண்டது.

இப்பிராணிகளின் பெயரால் இன்னொரு பழி எழாமல் நாம் விழிப்புடன் இருக்கவேண்டும். காட்டைக் காப்பதாகக் கூறும் பேச்சுகளில், விறகு பொறுக்கச் செல்லும் தோட்டத்துப் பெண்ணும் மரக்கறி பயிரிடும் வெலிமடை விவசாயியும் காட்டின் பகைவர்களாக எளிதிற் காட்டப்படுகின்றனர். மலைகளின் முடிவரை காட்டை மழித்த கம்பெனிகளின் பெயர்கள் அப்பேச்சுகளில் வருவதில்லை. விறகு பொறுக்குவதால் காட்டுக்குத் தீங்கே இல்லை என்பது நமது வாதமன்று. தீங்கின் கணக்கை எழுதும்போது பெரிய தொகையை மறைத்துச் சிறிய தொகையை மட்டும் உரத்து வாசிப்பது நேர்மையன்று என்பதே வாதம்.

ஆகவே, மலையகத்தின் வழக்காறுகளைத் தொகுக்கும் பணியிலே இன்று ஈடுபட்டுள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் சி.வி. வேலுப்பிள்ளை தொடங்கிவைத்த பணியை ஓரடி முன்னே கொண்டுசெல்லல் வேண்டும். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களை அவர் திரட்டி நூலாக்கினார். பாடலையும் கதையையும் திரட்டுவதோடு, ஒவ்வொரு கதையிலும் பழி சுமப்பது யார், பழியிலிருந்து தப்பியது யார் என்று குறித்து வைத்தல் நமது காலத்தின் கடமை. இதற்குப் பெரிய நூலகம் வேண்டியதில்லை. வகுப்பிலே ஒரு மாணவன் கபரகொயாவின் நஞ்சைப் பற்றிக் கேட்ட கதையைச் சொல்வானாயின், 'மூடநம்பிக்கை' என்று அவன் வாயை அடைக்காமல், அந்தக் கலத்தில் பாஷாணத்தை இட்டவன் யார் என்று அவனிடமே கேட்கலாம். அவ்வினாவுக்கு விடை தேடப் பழகிய மாணவன், தன் பாட்டன் காட்டை அழித்தான் என்று கூறும் வரலாற்றுப் பாடத்தையும் அதே வினாவுடன் படிப்பான்.